கணவாய் ஓட்டில் வார்த்த ஈயமீன்

கணவாய் ஓடு காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு. நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். காய்ந்த ஓடு நாக்கைப் பிடித்து இழுக்கும். உள்ளே ஈரம் இருந்தால் சும்மா கிடக்கும். வெயிலில் எத்தனை நாள் கிடந்தது, அடுப்படியில் எத்தனை நாள் கிடந்தது என்பதெல்லாம் பிறகுதான். நாக்குச் சொல்வதுதான் சரி. இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. சின்ன வயதில், கணவாய் செத்த பிறகு கரையில் ஒதுங்குகிற அந்த வெள்ளை முதுகோடுகளைப் பொறுக்கி நக்கித் திரிந்ததால் வந்த அறிவு.

எங்கள் கரையில் சூரை மீனுக்கு விடுகிற ஈயமீனை வார்த்தது நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். எண்பதுகளின் கடைசியில், சண்டைக்கு நடுவே, கடலுக்குப் போகலாம் என்று ஆமிக்காரர் கொஞ்சக் காலம் விட்டிருந்தார்கள். அப்போது கடையில் நல்ல தூண்டிலும் இல்லை, ஈயமும் இல்லை. கிழிந்த வலைகளில் இருந்து ஈயக் குண்டுகளைக் கழற்றி என்னிடம் கொண்டு வருவார்கள். நான் உருக்கி மீனாக்கிக் கொடுப்பேன்.

இரண்டு ஓடுகளை எடுத்துச் சீமெந்து நிலத்தில் தேய்த்தால் மெத்தென்ற பக்கம் தட்டையாகும். வேப்பங்கட்டையில் செதுக்கிய சாளை மீன் ஒன்று என்னிடம் இருந்தது, நடுவிரல் நீளம். அதை இரண்டு ஓட்டுக்கும் நடுவே வைத்து அமத்தினால் அச்சு அப்படியே விழும். கட்டைச் சாளையை எடுத்துவிட்டு, தலைப்பக்கம் ஈயம் போக வழி வெட்டி, நடுவில் ஒரு கம்பியை வைத்து, ஓடுகளை மூடிக் கட்டி ஊற்ற வேண்டும். ஆறிய பிறகு திறந்தால் ஓட்டின் வரிகள் ஈயத்தில் செதில் செதிலாகப் பதிந்திருக்கும். கடைச் சாமானுக்கு அந்தச் செதில் கிடையாது. ஒரு பக்கம் கொஞ்சம் தட்டையாகவும் மறுபக்கம் வயிறு வைத்தும் வார்ப்பேன். அப்போதுதான் தண்ணீரில் நேரே விழாமல் புரண்டு விழும். தூண்டில் முள்ளை வாலில் தொங்கவிடாமல் தலைப்பக்கம் கட்டி, இரண்டு வெள்ளைக் கோழி இறகும் சேர்ப்பேன். சூரை தலையைப் பார்த்துத்தான் அடிக்கும் என்று சொன்னவர் என் மனிசன், நான் கட்டியவர்.

அவரைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஓடு குறுக்கே வந்துவிட்டது.

அவரும் என் அண்ணையும் ஒரே வள்ளத்தில் போவார்கள். வள்ளமும் மண்ணெண்ணெய் மிசினும் அண்ணையுடையவை. அண்ணை பின்னால் இருந்து மிசின் பிடிப்பார். இவர் முன்னால் அணியத்தில் நிற்பார். கடற்பறவைகள் கூடிக் குத்துகிற இடத்தில் மிசினை நிற்பாட்டியதும் இவருடைய வேலை தொடங்கும். தங்கூசி, அதுதான் நைலோன் நூல், வலது கைச் சுட்டுவிரலின் மேல் ஓட, ஈயமீன் கீழே இறங்கும். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். ஐந்து பாகத்துக்கு ஒரு சிவப்பு நூல் நான் கட்டி விட்டிருப்பேன். பத்தோ பன்னிரண்டோ பாகம் போனதும் நூலைப் பிடித்து, கையை மேலே சுண்டி இழுத்து, பிறகு விழவிட வேண்டும். சுண்டும்போது ஈயமீன் துள்ளும். விடும்போது அடிபட்ட சாளை போலப் புரளும். சூரை அந்தப் புரளலைத்தான் அடிக்கும்.

அடித்தால் கை இழுபடும் என்றுதான் கரையில் நிற்கிற நாங்கள் நினைப்போம். அப்படி இல்லையாம். விழுகிற ஈயத்தை மீன் வாயில் தாங்கிவிடும். விரலில் இருந்த பாரம் திடீரென்று இல்லாமற் போகும். கண் இமைக்கிற நேரம்தான். அந்த நேரத்தில் சுண்டினால் மீன். கொஞ்சம் பிந்தினால் அது ஈயத்தைத் துப்பிவிட்டுப் போய்விடும்.

"உவன்ரை விரலிலை கண் இருக்கு" என்று அண்ணை கரை முழுவதும் சொல்லித் திரிவார். என் மனிசன் வாயால் அதிகம் கதைக்காதவர். அவருடைய விரலைப் பற்றி ஊர் கதைத்தது எனக்குப் போதுமாக இருந்தது.

அந்த வருடம் சித்திரைக் குழப்பம், அந்த மாதத்து இடிமழை, கொஞ்சம் நீண்டு, வைகாசி தொடங்கியும் மழை விடவில்லை. வெளியே சூரை வந்துவிட்டது என்று செய்தி. ஒரே நாளில் இரண்டு ஈயமீனைப் பாறையில் கொடுத்துவிட்டு வந்தார்கள். "தங்கச்சி, விடியப் போகவேணும், ரெண்டு ஊத்தித் தா" என்று அண்ணை வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத் தலை வெள்ளி, மாதத்தின் முதல் வெள்ளி. பின்னேரம் பூசை. நற்கருணை வாங்குகிற நாளில் காலையில் இருந்தே என் நாக்கில் எதுவும் படாது. தண்ணீர்கூட இல்லை. என் தாய் அப்படி இருந்தார், நானும் அப்படி இருந்தேன்.

ஓட்டை நாக்கில் வைக்காமல் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். கன்னத்துக்குச் சூடாகத்தான் இருந்தது. அடுப்படியில் கிடந்த ஓடு, சூடாக இல்லாமல் வேறெப்படி இருக்கும்? வழக்கமாக ஓட்டை ஒரு தகரத்து மணலில் நட்டுவிட்டுத்தான் ஊற்றுவேன். மழைக்கு மணலும் நனைந்து கிடந்தது. இவர் ஒரு சாக்கை மடித்து, ஓட்டை அதற்குள் பிடித்துக்கொண்டு குந்தினார்.

"பார்த்தனியோ?" என்று கேட்டார்.

"ஓம், பார்த்தனான். ஊத்தட்டோ?"

ஊற்றினேன். ஓடு உள்ளே இருந்து சீறியது. ஈயம் வந்த வழியாலேயே மேலே பாய்ந்தது. சாக்குக்கு வெளியே இருந்தது அவருடைய வலது கைச் சுட்டுவிரல் ஒன்றுதான்.

அவர் விரலைத் தண்ணீர்ச் சட்டிக்குள் விட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "உனக்குப் படேல்லையே?" என்றார். 

பெரியாஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் பல தடவை போய்வந்தோம். ஒன்றரை மாதத்தில் விரல் ஆறியது. விரல் நுனியில் ஒரு குழி விழுந்து, மேலே மினுக்கமான தோல் மூடியது. அண்ணை கேட்டதற்கு, தேத்தண்ணிக்குச் சுடுதண்ணீர் வைக்கிற கேத்தில் கையில் சரிந்துவிட்டது என்று இவர் சொல்லியிருந்தார். என்னிடம் சொல்லிவிட்டுச் சொல்லவில்லை. என் ஈயம் ஒருநாளும் சீறியதில்லை என்று நான் பெருமை பேசுவது அவருக்குத் தெரியும். அதைக் காப்பாற்றத்தான் ஒரு கேத்திலை இழுத்துப் போட்டார். நான் அதைத் திருத்தாமல் விட்டேன். அது என் குற்றம்.

"கடலிலை கொம்பன் சுறாவோடை மல்லுக்கட்டினவன், கேத்திலோடை தோத்துப்போனான்" என்று அண்ணை சிரிப்பார். இவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்கு உள்ளே எரியும்.

பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சுவாமியிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன்.  "பிள்ளை, நற்கருணை வாங்க ஒரு மணித்தியாலம் ஒண்டும் தின்னாமல் இருந்தால் போதுமெண்டு திருச்சபை சொல்லிக் கனகாலம்" என்றார். "கணவாய் ஓடு சாப்பாடுமில்லை."

எனக்குக் கோபம் வந்தது. யாரில் என்று தெரியவில்லை. பரிகாரத்துக்குச் சொல்லித் தந்த செபத்தை இரண்டு தரம் சொன்னேன், கோபத்துக்கும் சேர்த்து.

விரல் ஆறி அவர் கடலுக்குப் போன முதல் நாள், வள்ளம் நேரத்தோடு திரும்பி வந்தது. அண்ணை இறங்கியதும் என்னிடம் நேரே வந்தார்.

"தங்கச்சி, ஒளிச்சுக் கதைக்கேல்லை. மூண்டு தரம் மீன் அடிச்சது. நூல் தளர்ந்தது பின்னாலை இருந்த எனக்கே தெரியுது, இவனுக்குத் தெரியேல்லை. விரல் நித்திரை."

இவர் தங்கூசியைச் சுற்றிக்கொண்டு நின்றார். தலை நிமிரவில்லை.

"வாற கிழமையும் ஒருக்கால் பார்ப்பம்" என்றார் அண்ணை. "அதுக்கும் உப்பிடியெண்டால் மச்சான் கரையிலை நிண்டு வலை பொத்தட்டும். நான் வேறை ஆளைத்தான் ஏத்தவேணும். எண்ணெய் கிடைக்கிற கிடையிலை சும்மா போய்வர ஏலாது."

அண்ணையில் பிழை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் சொன்னது நியாயம். ஆனால் இவர் கரையில் நின்று கிழிந்த வலை பொத்துவதை நினைத்துப் பார்த்தேன். அந்த அணியத்தைத் தவிர வேறு எங்கே நின்றாலும் அவருக்குக் கை எங்கே வைப்பது என்று தெரியாது. கோயிலிலும் அப்படித்தான், கலியாண வீட்டிலும் அப்படித்தான்.

அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிட்டு முடிய, பக்கத்தில் இருந்து இரண்டு கையையும் என் மடியில் எடுத்து வைத்தேன். சால்வையால் அவருடைய கண்ணைக் கட்டினேன். ஈயமீனுக்குக் கட்டுகிற கோழி இறகு ஒன்றை எடுத்து விரல் விரலாகத் தடவினேன்.

"இஞ்சை தெரியுதோ?"

"இல்லை."

"இஞ்சை?"

"நீ தொடுறியோ, சும்மா கேக்கிறியோ?"

இடது கை இன்னும் மோசம். கயிறு இழுத்து, தடி ஊன்றி, உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. உள்ளங்கால் தோல் போல இருந்தது. ஒவ்வொரு விரலாய்ப் போய், மோதிர விரலின் அடியில், மோதிரத்துக்கும் தோலுக்கும் நடுவே இறகின் நுனி மெல்லப் போனது. கையை வெடுக்கென்று இழுத்தார்.

"கூசுது!"

மோதிரத்தைக் கொஞ்சம் அரக்கி மேலே தள்ளிப் பார்த்தேன். அதன் கீழே வெள்ளையாய் ஒரு வளையம். பிறந்த பிள்ளையின் தோல். கலியாணத்தன்று நான் போட்ட நாளில் இருந்து அந்த இடத்தில் உப்பும் படவில்லை, கயிறும் படவில்லை.

"இதைக் கழட்டுவம்" என்றேன்.

அவர் சால்வையை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கென்ன விசரோ? கோயிலிலை போட்டது. சனம் என்ன சொல்லும்?"

"போட்டதும் நான்தானே. கழட்டுறதும் நான்தான். சனமோ போட்டது?"

தேங்காய் எண்ணெய் பூசிப் பார்த்தேன், வரவில்லை. மெல்லிய தங்கூசியை விரலில் நெருக்கமாகச் சுற்றி, ஒரு நுனியை மோதிரத்துக்குள்ளால் எடுத்து, மெல்ல மெல்லக் கழற்றி வந்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் மோதிரம் ஒரு மயிரளவு நகரும்.  கழன்று வந்ததும் அதை என் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டேன்.

மறுநாளில் இருந்து வளவு வேம்பின் கீழே கடல் தொடங்கியது. தங்கூசியை ஒரு கொப்புக்கு மேலால் போட்டு, தூண்டில் கட்டாத ஈயமீனைத் தொங்கவிட்டோம். அவர் மரத்துக்கு இந்தப் பக்கம், நான் குறுக்கே கட்டிய கிடுகுத் தட்டிக்கு அந்தப் பக்கம். அவர் கண்ணுக்கு நான் தெரியமாட்டேன். அவர் சுண்டி விழவிடுவார். விழுகிற ஈயத்தை நான் என் உள்ளங்கையால் தாங்க வேண்டும். பாரம் மறைந்தது தெரிந்ததும் அவர் சுண்ட வேண்டும். நான்தான் சூரை.

முதல் நாள் ஒன்றும் சரிவரவில்லை. நூலை எப்படிப் பிடிப்பது என்றே தெரியவில்லை. இடது கையில் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் மேலால் விட்டு, மோதிர விரலின் அடியில் அந்த வெள்ளைத் தோலில் படிய விட்டு, மீன் பட்டதும் மற்றக் கையால் பிடித்து இழுப்பது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் போனது. வலது கைக்காரனுக்கு இடது கையால் சுண்டுவது லேசில்லை. சுண்டுகிற சுண்டில் ஈயமீன் பாய்ந்து என் விரல் மொளியில் அடிக்கும்.

"நீ கனநேரம் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்" என்பார் அந்தப் பக்கத்தில் இருந்து. "சூரை உப்பிடி நிண்டு யோசிக்காது. தொட்டுப்போட்டு ஓடவேணும்."

"ஓடுறதெண்டால் நான் எப்பவோ ஓடியிருப்பன்."

தட்டிக்கு அப்பால் சிரிப்புச் சத்தம் கேட்டது. விரல் சுட்ட பிறகு அவர் தன்பாட்டில் சிரித்தது அன்றைக்குத்தான்.

பக்கத்து வளவில் இருந்தவள் இவருக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. வேலிக்கு மேலால் தலை நீட்டினாள். "என்ன மச்சாள், வேப்பமரத்திலை சூரை படுகுதோ?"

"ஓம், சட்டியைக் கொண்டு வாரும். வால் துண்டு தாறன்."

"எனக்கு நடுத்துண்டு வேணும். அண்ணை, மச்சாளைத் தூண்டிலிலை கொழுவிப்போடாதை, பிறகு ஆர் சோறு காய்ச்சுறது?"

அவள் சொல்லி முடியவில்லை. நான் தாங்கினேன், அவர் சுண்டினார். ஈயம் என் கையை விட்டுப் பறந்து கொப்பில் போய் அடித்தது. சரியான நேரம். இன்னொரு தரம் தாங்கினேன். அதுவும் சரி. பத்துக்கு ஏழு பிடித்தார். கிழமை முடிகிற நேரம் பத்துக்கு ஒன்பது. நான் ஏமாற்றிப் பார்த்தேன், மெல்லத் தொட்டேன், பாதியில் தொட்டேன். வெள்ளைத் தோல் எல்லாவற்றையும் கண்டுகொண்டது.

வள்ளம் தள்ளுகிற நேரம் பெண்கள் கரைக்கு வருவதில்லை. அது எங்கள் வழக்கம். அண்ணை தவணை சொன்ன நாளில் நான் போனேன். பொழுது கிளம்பியிருந்தது. அண்ணை எண்ணெய்க் கானை ஏற்றிக்கொண்டு நின்றவர், என்னைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார். பிறகு இவருடைய இடது கையைக் கண்டார்.

"மோதிரம் எங்கை மச்சான்? தங்கச்சி கலைச்சுப்போட்டாளோ? கேத்தில் ஒருபக்கம், பெண்சாதி ஒருபக்கம்…"

"கேத்தில் இல்லை அண்ணை" என்றேன். "என்ரை ஈயம். ஓட்டுக்குள்ளை ஈரம். நான் நாக்கிலை வைச்சுப் பார்க்கேல்லை."

பக்கத்து வள்ளங்களில் நின்றவர்களுக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். இவர் என்னைக் கோபமாகப் பார்த்தார். தன்னுடைய சாமானை யாரோ எடுத்துக் கொடுத்துவிட்டது போன்ற பார்வை.

அண்ணை கானை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "எடி, எனக்கு அது முதலே தெரியும். சுடுதண்ணி பட்டால் பொக்களம் வரும். ஈயம் பட்டால்தான் குழி விழும். நானும் வலைக்கு ஈயம் உருக்கின எங்கடை அய்யாவின்ரை பிள்ளைதானே." கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, "ஆர் முதல் சொல்லுறதெண்டு பார்த்துக்கொண்டிருந்தனான்" என்றார். பிறகு இவருடைய தோளில் ஒரு தட்டு. "ஏறு. ஆனால் சொன்னது சொன்னதுதான். இண்டைக்கு மீனை விட்டியெண்டால் நாளைக்கு வேறை ஆள்."

வள்ளம் போனது. நான் வீட்டுக்குப் போகவில்லை. மீன் வாடிக் கொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து செபமாலை சொன்னேன். மணிகளை விட்டுவிட்டுக் கை அடிக்கடி கழுத்துக்குப் போய் மோதிரத்தைப் பிடித்தது. சுன்னாகச் சந்தைக்கு மீன் கொண்டு போகிற சைக்கிள்காரர் இரண்டு பேர் வந்து, வள்ளம் வரக் காத்திருந்து, அலுத்து, வேறு வள்ளத்து மீனைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

வெயில் ஏறிய பிறகுதான் வந்தார்கள். அண்ணையின் முகத்தில் ஒன்றும் இல்லை. வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார், கள்ளன்.

"என்ன அண்ணை?"

"உன்ரை மனிசனைக் கேள்."

இவர் தண்ணீருக்குள் குதித்து, ஈரச் சாக்கை விலக்கினார். நீலமும் வெள்ளியுமாய்ச் சூரைகள், வள்ளத்து அடி நிறைய. பிறகு இடது கையை என் முன்னே விரித்தார். மோதிரம் இருந்த இடத்தில், வெள்ளை வளையத்துக்குக் குறுக்கே, தங்கூசி அறுத்த சிவப்புக் கோடு. இரத்தம் உப்பில் காய்ந்திருந்தது. அந்தக் காயத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். கட்டிய மனிசனின் கையில் காயத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள் அந்தக் கரையில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

"முதல் மீனைத் தவற விட்டவன்" என்றார் அண்ணை, மிசினைக் கழற்றிக்கொண்டு. "நான் வாயைத் திறக்க முந்தி, 'அது உங்கடை தங்கச்சி மாதிரி நிண்டு யோசிச்சது மச்சான்' எண்டான். பிறகு ஒண்டையும் விடேல்லை." சிரிப்பு அதற்கு மேல் அவருக்கு அடங்கவில்லை. "நாளையிண்டைக்கு இவனுக்கு நாலு ஈயமீன் வேணும் தங்கச்சி. ரெண்டு அறுந்துபோச்சுது."

"நாளைக்குத் தலை வெள்ளி" என்றார் என் மனிசன், என்னைப் பார்க்காமல்.

"நாளைக்குத்தான் ஊத்துவன்" என்றேன். "சுவாமி ஒரு மணித்தியாலம் எண்டவர்."

மறுநாள் காலை, வெயில் முற்றத்துக்கு வந்ததும் பத்து ஓடுகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாய் நாக்கில் வைத்துப் பார்த்தேன். இரண்டை ஒதுக்கினேன். நல்லதில் ஒன்றை நாக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அவர் வந்து பக்கத்தில் குந்தினார். விரலில் துணி சுற்றியிருந்தார். என் கழுத்துக்கொடியைப் பார்த்தார்.

"கோயிலுக்குப் போகேக்கை மட்டும் எண்டாலும் மோதிரத்தைத் தாறியோ?" என்று கேட்டார்.

போட்டால் அந்த இடம் ஆறாது, வேறு விரலில் போட்டால் அது கலியாண மோதிரமாக இருக்காது, என்னிடமே இருக்கட்டும் என்று சொல்ல நினைத்தேன். ஓடு நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவருக்கு விளங்கியது. எழும்பிப் போய், மணல் தகரத்தை வெயிலுக்கு இழுத்து வைத்தார்.